தறவாட்டின் பூட்டிய அறை

(நாகர்கோவிலில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பாழடைந்த மாளிகையில் நிகழும் திகில் நாவலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னபோது, நண்பர் ஒருவர், "நம்ம ஊருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டுச் சிரித்தார். மழைக்காலத்து இரவுகளில் மச்சிலிருந்து மரத்தூள் உதிரும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவன் நான். சம்பந்தம் நிறையவே உண்டு என்று கருதுகிறேன்.

ஐரோப்பியர் 'காதிக்' என்று வழங்கும் இவ்வகை நாவல், ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1764-இல் வெளியிட்ட 'ஒட்ராண்டோ கோட்டை'யோடு தொடங்கியதாகக் கூறுவது மரபு. பழைய இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு என்று முதற்பதிப்பில் நம்பவைத்தவர், நூல் விற்றுத் தீர்ந்த பின்னர், 1765-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அது தம் கைச்சரக்கு என்று ஒப்புக்கொண்டார். திருமண நாளன்று எங்கிருந்தோ வந்து விழும் ராட்சதத் தலைக்கவசம் மணமகனை நசுக்கிவிடுகிறது. இன்று படித்தால் சிரிப்புத்தான் வரும். ஆனால் அந்தக் கோட்டையை ஆள்பவனின் பாட்டன், உண்மையான உரிமையாளனுக்கு நஞ்சிட்டுக் கொன்று, பொய் உயிலைக் காட்டிச் சொத்தைக் கைப்பற்றியவன் என்பது கதையின் முடிவில் வெளிப்படும்போது சிரிப்பு அடங்கிவிடுகிறது. ஆக, அந்த மரபின் முதல் பேயே ஒரு சொத்து வழக்கின் வாதிதான்.

அமெரிக்க எழுத்தாளர் எட்கார் ஆலன் போ 1839-இல் எழுதிய 'அஷர் மாளிகையின் வீழ்ச்சி'யில், கூரையிலிருந்து அடிவரை ஓடும் மெல்லிய விரிசல் ஒன்று வருகிறது. அவ்வூரார் அஷர் என்ற பெயரால் குடும்பத்தையும் கட்டடத்தையும் சேர்த்தே குறித்தார்கள் என்பதை ஆங்கில வாசகருக்குப் போ விளக்க வேண்டியிருந்தது. குமரி மாவட்டத்தில் அந்த விளக்கம் வேண்டாம். 'தறவாடு' என்று சொன்னாலே கூரை ஓடும் உத்தரமும் தாய்வழிக் குடும்பமும் ஒன்றாகவே மனத்தில் எழுகின்றன.

இங்கே சற்று நின்று பேச வேண்டும். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே நிலவிய மருமக்கள் வழி முறையில், காரணவர், அதாவது குடும்பத் தலைவர், ஆண்ட சொத்து அவருடைய பிள்ளைகளுக்குச் செல்லாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குச் சென்றது. மனைவியோ கணவன் வீட்டிலேயே வந்து வாழ்ந்து, அடுக்களையில் புகை குடித்து, பத்தாயத்து நெல்லை அளந்து, அங்கேயே பிள்ளை பெற்று வளர்த்தாள். கணவன் கண்ணை மூடிய பிறகு, அதே வீட்டில் அவளும் பிள்ளைகளும் அயலார் ஆனார்கள். உகந்துடைமை, நங்குடைமை என்ற பெயர்களில் மனைவி மக்களுக்குக் கிடைக்க வேண்டிய பங்குக்கும் மருமக்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இதனை 'மருமக்கள் வழி மான்மிய'த்தில் ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட ஒருத்தியின் வாய்மொழியாகப் பாடினார். அதனை நகைச்சுவை நூலாகவே நாம் படித்துப் பழகிவிட்டோம். அதே பெண்ணின் குரலை, விளக்கு அணைந்த வீட்டில், அவள் இறந்து நாற்பது ஆண்டுகள் கழித்துக் கேட்பதாக எண்ணிப் பாருங்கள்.

1926-இல் திருவிதாங்கூரில் வந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் தறவாடுகளைப் பங்கு வைக்க வழி திறந்தது. பங்கு கேட்டு வழக்கு நடக்கும் வீட்டின் ஓட்டை மாற்றுபவர் யார்? தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறி நனைக்கும் இந்த மண்ணில், ஒரே ஓடு நழுவினாலும் போதும். ஓட்டைத் தாங்கும் கழுக்கோல் இற்று, அதன்பின் உத்தரம் இற்று, கரையான் மச்சுவரை ஏறிவிடும். பத்மநாபபுரம் அரண்மனை எனக்கு ஒருபோதும் அச்சம் தந்ததில்லை. கேரள அரசு பேணிவரும் அதன் கருந்தரை இன்றும் முகம் பார்க்குமளவு மின்னுகிறது. அச்சம் தருபவை, கூட்டுப் பட்டாவில் பதினெட்டுப் பெயர்களோடு வாசல் படிப்புரை சரிந்து கிடக்கும் வீடுகளே. ஆகவே வௌவாலையும் கறுப்புப் பூனையையும் லாந்தர் ஏந்திய கிழட்டுக் காவல்காரனையும் இரவல் வாங்கும் நம் எழுத்தாளர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. சொத்துப் பத்திரங்கள் கிடக்கும் ஆதாரப் பெட்டியைத் திறந்தாலே நாவல் தொடங்கிவிடுமே!

பேய்க்கும் நமக்குப் பஞ்சமில்லை. வில்லுப்பாட்டில் பல வடிவங்களில் வழங்கும் நீலி கதையில், நகைக்காகக் கொல்லப்பட்டவள் மறுபிறவியில் பழி தீர்க்க வருகிறாள். கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தன்னைக் கொன்றவனின் மறுபிறவியான வணிகனைத் தன் கணவன் என்று ஊரார்முன் முறையிடுகிறாள். அவன் அலறுகிறான், இவள் மனைவியல்லள், பேய் என்கிறான். ஊர்ப் பெரியவர்கள் குழந்தையைப் பார்க்கிறார்கள், அவள் கண்ணீரைப் பார்க்கிறார்கள், இது கணவன் மனைவி வழக்கு என்று தீர்த்து, இருவரையும் ஓர் அறையில் தங்கவைக்கிறார்கள்.

நான் படிக்க விரும்பும் குமரி மாவட்டத்து நாவல் அந்த அறைக்குள் நடப்பதன்று. கதவின் வெளிப்புறத்தில் தாழ்ப்பாளைப் போட்ட பெரியவர் ஒருவர், வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவி, உண்டு, படுத்து, விடியும்வரை கண்மூடாமல் கிடந்த அந்த இரவைப் பற்றியது.