எட்டாவது வளைவில் அறுந்த கம்பி: வெளிநாட்டு சைக்கிள் பயணத்தில் எதைக் கையோடு கொண்டுபோகணும்?

[காட்சி: போடிமெட்டு மலைச்சாலை. மூட்டை கட்டிய சைக்கிள் வளைவு ஓரத்தில் சாய்ந்து நிற்கிறது.]

வணக்கம். போடிநாயக்கனூர்லருந்து போடிமெட்டு ஏறுற சாலையில நிக்கிறேன். மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவு. ஏறி முடிச்சா கேரளா. பூப்பாறை, தேவிகுளம், மூணாறுன்னு போகலாம். வியட்நாம் போறதுக்கு முன்னாடி, முழு மூட்டையோட ஒத்திகை பார்க்க நான் இந்த மேட்டுக்குத்தான் வந்தேன். எட்டாவது வளைவுல பின்சக்கரத்துல ‘டிங்’னு ஒரு சத்தம். ஸ்போக்ஸ் கம்பி ஒண்ணு போயிடுச்சு.

[காட்சி: பின்சக்கரம், ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) பக்கம் நெருக்கமாக.]

இந்த இடத்தை நல்லா பாருங்க. வலப்பக்கம், அதாவது செயின் பக்கம், பல்சக்கரங்களுக்கு இடம் விடணும். அதனால அந்தப் பக்கத்துக் கம்பிங்க கிட்டத்தட்ட நேரா நிக்கும். இழுவையும் அதுங்க மேலதான் அதிகம். சக்கரம் சுத்தச் சுத்த, தரையைத் தொடுற இடத்துக் கம்பி கொஞ்சம் தளரும், மறுபடி இறுகும். பின்னாடி மூட்டை வேற. லட்சக்கணக்கான தடவை இப்படி நடந்து, ஹப்புல முழங்கை மாதிரி வளைஞ்சு மாட்டியிருக்கிற இடத்துல ஒருநாள் முறியும்.

முறிஞ்சா உடனே இறங்கிடுங்க. அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில சுத்திக் கட்டிடுங்க, இல்லைன்னா அது மத்ததையும் இழுத்துக்கும். செயின் பக்கத்துக் கம்பி போனதால, சக்கரம் இப்ப இடப்பக்கமா கோணியிருக்கும். அறுந்ததுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற இடப்பக்கக் கம்பிகளோட நிப்பிளை, அதாவது ரிம்முல கம்பியை இறுக்குற சின்ன மரையை, அரைச் சுத்து தளர்த்தினா, ஓரளவு நேராகும். ரிம், பிரேக் கட்டையில உரசினா பின்பிரேக்கைக் கழட்டி விட்டுட்டு, இறக்கத்துல தள்ளிக்கிட்டே போங்க. டிஸ்க் பிரேக்குக்கு அந்தத் தொல்லை இல்லை.

நான் போடிக்கே திரும்பினேன். பழைய சைக்கிள் கடை ஒண்ணு. கடைக்கார அண்ணன் சக்கரத்தை ஒரு சுத்து சுத்திப் பார்த்தாரு. “கம்பி வச்சிருக்கியா தம்பி?” “இல்லண்ணே.” அவர்கிட்ட கட்டுக்கட்டா கம்பி இருந்தது, எல்லாம் நம்ம ஊர் பெரிய சைக்கிளுக்கு. அந்த வண்டிக்கு முன்சக்கரத்துல 32, பின்சக்கரத்துல 40 கம்பி. நெல்லு மூட்டையே தாங்கும். என் சக்கரத்துக்கு அதோட நீளம் ஒத்துவரலை. அந்தப் பக்கம் கம்பி மாட்டப் பல்சக்கரத்தைக் கழட்டணும்; அதுக்கான கருவியும் அவர்கிட்ட இல்லை. “வேலை தெரியும் தம்பி, உன் வண்டி சாமான் இல்லையே”ன்னாரு. மதுரையிலருந்து கம்பி வர்ற வரைக்கும் காத்திருந்தேன்.

அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் என் பெட்டியையே மாத்திப் போட்டுச்சு. அதுவரைக்கும் ரெஞ்சு, ஸ்பேனர்னு கிலோ கணக்குல அடுக்கி வச்சிருந்தேன். ரெஞ்சு எந்த ஊர்லயும் கிடைக்கும், கைவேலை தெரிஞ்சவங்களும் கிடைப்பாங்க. நம்ம வண்டிக்கு மட்டுமே பொருந்துற சாமான்தான் கிடைக்காது.

வியட்நாம்ல டாலாட் மலையிலருந்து கடற்கரைக்கு இறங்கும்போது மறுபடியும் கம்பி அறுந்தது. இந்தத் தடவை பொருந்துற அளவுல நாலு கம்பியை சைக்கிள் சட்டத்தோட (ஃபிரேம்) சேர்த்து டேப் சுத்தி வச்சிருந்தேன். கழட்டுற கருவியும் பையில இருந்தது. அங்க சாலையோரத்துல ‘சுவா ஸே’ன்னு பலகை பார்த்தா, வண்டி பழுது பார்க்கிற இடம்னு அர்த்தம். அந்தப் பெரியவருக்கும் எனக்கும் பொதுவா ஒரு வார்த்தை கிடையாது. கம்பியையும் கருவியையும் அவர் கையில கொடுத்தேன். அரைமணி நேரத்துல கம்பி போட்டு, கோட்டமும் எடுத்துட்டாரு. அவ்வளவு நேர்த்தியா கோட்டம் எடுத்து நான் பார்த்ததில்லை.

[காட்சி: டயர் பக்கவாட்டில் உள்ள எண்.]

அடுத்து டயர். பக்கவாட்டுல 32-622ன்னு இருக்கா? முதல் எண் அகலம், ரெண்டாவது டயர் ரிம்முல உக்கார்ற விட்டம், மில்லிமீட்டர்ல. இதைத்தான் 700சின்னு சொல்றோம். நம்ம பெரிய சைக்கிளோட 28 இஞ்ச் டயருக்கு அது 635. பார்க்க ஒண்ணு போலவே இருக்கும், ஆனா சேராது. அதனால கடையில இஞ்ச் கணக்கை நம்பாம இந்த எண்ணைக் காட்டுங்க. டயர் பக்கவாட்டுல கிழிஞ்சா, பற்பசை டியூபை வெட்டி உள்பக்கம் வச்சு காத்தடிங்க. அடுத்த ஊர் வரைக்கும் போகலாம்.

உங்க டியூப்ல பிரெஸ்டான்னு சொல்ற ஒல்லியான வால்வு இருந்தா, பித்தளை அடாப்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க. பைக்குக்குக் காத்தடிக்கிற இடத்துல எல்லாம் அடிச்சுக்கலாம்.

பின் கியரை சட்டத்தோட பிடிச்சிருக்கிற சின்ன அலுமினிய துண்டு, ஹேங்கர். விழும்போது சட்டம் தப்பிக்கணும்னுதான் அதை இளகினதா செய்றாங்க. ஒவ்வொரு மாடலுக்கும் வடிவம் வேற, வெளியூர்ல தேடவே வேண்டாம். உங்க வண்டிக்கானதை ஒண்ணு எடுத்து வச்சுக்கோங்க. செயின் இணைப்பும் அப்படித்தான்: பின்னாடி 9 பல்சக்கரம் இருக்கிற வண்டிக்கானது 11 இருக்கிற வண்டிக்கு ஆகாது. கியர் கேபிள் ரெண்டு. பிரேக் கட்டையும் ரெண்டு செட். மழையில மலை இறங்கினா வேகமா தேயும்.

[காட்சி: பிரேக் பிடிகள்.]

வாடகை சைக்கிள் எடுக்கிறவங்க இதைக் கவனிங்க. நம்ம ஊர்ல வலது பிடி முன்பிரேக். ஐரோப்பா, அமெரிக்காவுல பெரும்பாலும் இடது பிடிதான் முன்பிரேக். பழக்கத்துல பின்பிரேக்னு நினைச்சு இடது பிடியை இறுக்கிப் பிடிச்சா, ஆள் தலைகுப்புற விழலாம். ஏறுறதுக்கு முன்னாடி தள்ளிக்கிட்டே ஒவ்வொண்ணா பிடிச்சுப் பாருங்க.

விழுந்துட்டா முதல்ல சாலையை விட்டு ஓரமா வாங்க. தலை அடிபட்டிருந்தா, வலி இல்லைன்னாலும் அன்னைக்கு மறுபடி ஏறாதீங்க, மருத்துவரைப் பாருங்க. அடி வாங்கின ஹெல்மெட்டை மறுபடி போடாதீங்க, உள்ளே நுரை நசுங்கியிருக்கும். ஆம்புலன்ஸ் எண் இலங்கையில 1990, வியட்நாம்ல 115, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள்ல 112.

சைக்கிள் திருடு போனா, போலீஸ்ல எழுதிக் கொடுத்த ரசீது இல்லாம காப்பீட்டுப் பணம் வாங்கறது கஷ்டம். அங்க முதல்ல கேட்கிறது சைக்கிள் சட்டத்துல (ஃபிரேம்ல) இருக்கிற எண். இந்த வீடியோவை நிறுத்திட்டு சைக்கிளைத் தலைகீழா கவுத்துங்க. பெரும்பாலும் ரெண்டு பெடல் தண்டும் சட்டத்துல சேர்ற அச்சுக்குக் கீழே எண் பொறிச்சிருக்கும். சேத்தைத் துடைச்சிட்டு போட்டோ எடுங்க; வீட்டுல ஒருத்தருக்கும் அனுப்பி வையுங்க.