போல்ட் ரைஃபிள் வெடித்தது எஃகாலா, உலையாலா?

[திரையில்: வேட்டை ரைஃபிளின் போல்ட் கைப்பிடி மேலே எழுந்து பின்னால் வருகிறது]

டிரிகரை அழுத்தியதும் .30-06 என்ற ரைஃபிள் தோட்டாவுக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை போகலாம். குண்டை முன்னே தள்ளும் அதே அழுத்தம் தோட்டா உறையைச் சுடுபவரின் முகத்தை நோக்கியும் தள்ளுகிறது. கணக்குப் போட்டால் 3 டன்னுக்கு மேல். அதைத் தடுப்பது, தோட்டாவுக்குப் பின்னால் அடைத்து நிற்கும் உலோகத் தண்டான போல்ட்டின் முனையில் உள்ள லக் என்ற இரண்டு சிறிய புடைப்புகள்தான். கைப்பிடியைக் கீழே இறக்கினால், தாழ்ப்பாள் விழுவது போல அவை ரிசீவருக்குள், அதாவது போல்ட்டைத் தாங்கும் எஃகுக் கூட்டுக்குள், திரும்பி மாட்டிக்கொள்ளும்.

[திரையில்: மவுசர் 98 போல்ட், பின்பக்க லக் சிவப்பில்]

ஜெர்மனியில் பவுல் மவுசர் 1898-இல் முடித்த வடிவத்தில் பின்பக்கம் மூன்றாவதாக ஒரு லக் உண்டு. சாதாரணமாக அது எதையும் தொடுவதில்லை. முன்னிரண்டும் உடைந்தால்தான் அதற்கு வேலை. உறை கிழிந்தால் வாயு வெளியேற போல்ட்டில் துளைகளும் வைத்தார். என்னைக் கேட்டால், அந்தத் துளைகள்தான் பெரிய விஷயம்.

[திரையில்: 1903 ஸ்பிரிங்ஃபீல்ட், ரிசீவர் எண் நெருக்கத்தில்]

இப்போது அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வருவோம். படைத் துப்பாக்கிதான், ஆனால் பின்னாளில் ஏராளமானவை வேட்டை ரைஃபிளாக மாற்றப்பட்டன. மவுசரைப் பார்த்துச் செய்தது, அதற்காக அமெரிக்க அரசு மவுசர் நிறுவனத்துக்குப் பணமும் கட்டியது. எஃகும் கிட்டத்தட்ட அதே ரகம்: கார்பன் குறைந்தது, மேல்தோலை மட்டும் கடினமாக்கியது. ஆனால் 1917-இல் சில ரிசீவர்கள் சிதறின.

விசாரித்தபோது உலைக்களத்தில் விஷயம் வெளிவந்தது. பழுத்த எஃகின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே தொழிலாளர்கள் சூட்டை முடிவு செய்தார்கள். வெயில் அடிக்கும் நாளில் அதே எஃகு மங்கலாகத் தெரியும், இன்னும் சூடேற்றுவார்கள். வெப்பமானி வைத்துப் பார்த்தால், 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூடுதல்! அப்படிக் கருகிய எஃகில், அதன் நுண்ணிய படிக மணிகளுக்கு இடையிலான பிடிப்பே போய்விடும். சில ரிசீவர்கள் சுத்தியல் அடிக்கே உடைந்தன.

சரி, அதுவரை எப்படித் தாங்கின? உறை நன்றாக இருந்தவரை பெரும்பாலும் சிக்கல் இல்லை. போர்க்கால அவசரத்தில் வந்த மோசமான உறைகள் கிழிந்து, வாயு ரிசீவருக்குள் பாய்ந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. நல்ல பதத்தில் இருக்கும் எஃகு அந்த அடியில் வளையும், விரியும். இது தெறித்தது.

ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் சுமார் 8,00,000-ஆவது வரிசை எண்ணிலிருந்து, எஃகை இரண்டு முறை சூடாக்கிக் குளிர்விக்கும் இரட்டைப் பதப்படுத்தல் வந்தது. அப்புறம் நிக்கல் எஃகும் வந்தது. பழைய எண் ரிசீவர்களை மறுபடி உலையில் வைத்தாலும் பயனில்லை. கருகிய எஃகு பழையபடி திரும்பாது. அதனால்தான் அமெரிக்காவில் துப்பாக்கி பழுதுபார்ப்பவர்கள் பலர் இன்றும் முதலில் எண்ணைப் பார்க்கிறார்கள். அதற்குக் கீழே இருந்தால், சுவரில் மாட்டச் சொல்லிவிடுவார்கள்.