காயலான் கடையில் ஒரு வைஸ்

நேயர்களுக்கு வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையானால் கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் நான் நிற்பேன். மற்றவர்கள் மோட்டார் தேடுவார்கள், பைப் தேடுவார்கள். முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்த எனக்குக் கண்ணில் படுவது பெஞ்ச் வைஸ்தான்; மேசையில் பூட்டி, திருகைச் சுற்றினால் இரண்டு தாடைகளுக்கு நடுவே வேலைப்பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி.

துருப்பிடித்து இறுகிவிட்டது என்று அதை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அங்கிருந்து நேரே ஃபவுண்டரி உலைக்குப் போய்விடும். எனக்கு மனசு ஆறுவதே இல்லை. தாடைத் தகடு தேய்ந்தால், இரண்டு திருகைக் கழற்றி வேறு மாட்டலாம். உள்ளே இருக்கும் நட்டில் மரை போனால்கூட லேத் பட்டறையில் புதிதாகச் செய்து தருவார்கள். உடம்பில் விரிசல் விழுந்தால்தான் கஷ்டம்.

பெரும்பாலான பழைய வைஸ்களின் உடம்பு வார்ப்பிரும்பு. அதற்குள் கிராஃபைட் செதில் செதிலாகப் படிந்திருக்கும். அமுக்கினால் நன்றாகத் தாங்கும். இழுவிசை வந்தால் அந்தச் செதில் ஓரத்தில்தான் பிளக்கும். கைப்பிடியில் நீளமான பைப்பைச் சொருகி இறுக்குகிறார்களே, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வாங்கும்போது முன்பகுதியைத் திருகி முழுக்க வெளியே எடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் தனியாகத் தூக்கிப் பிடித்துச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. ‘டொப்’ என்றால் விரிசல் இருக்கலாம். பெயிண்ட் ஓர் இடத்தில் மட்டும் தடிப்பாக இருந்தால் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சள் கோடு தெரிந்தால், உடைந்ததைப் பித்தளை வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்படித் தட்டிப் பார்த்து வாங்கியதுதான் என்னிடம் இருக்கும் 4 அங்குல வைஸ். பச்சைப் பெயிண்ட்டைச் சுரண்டினேன், அடியில் சாம்பல் நிறம். அதையும் எடுத்தபோது ‘ரெக்கார்டு’ என்ற கம்பெனிப் பெயர் புடைப்பெழுத்தில் எழுந்து வந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துச் சரக்கு! அன்று சாப்பிடக்கூட நான் எழுந்திருக்கவில்லை.

துருவுக்கு வினிகரில் நாள்கணக்கில் ஊறப் போடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை, இரும்பையும் அரித்துவிடும். அதனால் மின்சாரம் பாய்ச்சித் துருவை எடுத்தேன். பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீரில், நாலு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா கலந்து, வைஸையும் ஒரு பழைய இரும்புத் தகட்டையும் அதற்குள் வைத்தேன். பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை வைஸுக்கும் பாசிட்டிவைத் தகட்டுக்கும் கொடுத்தேன். இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது. மாற்றிக் கொடுத்தால் வைஸ்தான் கரையும். தகடு எவர்சில்வராக இருக்கவே கூடாது, குரோமியம் விஷம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும். மறுநாள் துரு கறுப்புச் சேறாகக் கையோடு வந்தது. கழுவியதும் உடனே உலர்த்தி எண்ணெய் தடவிவிட வேண்டும், இல்லையென்றால் கண்ணெதிரிலேயே செம்மை படரும்.

திருகின் மரைக்குள் பல வருஷத்து இரும்புத் தூள், கிரீஸோடு சேர்ந்து கல்லாகியிருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்து, மூங்கில் குச்சியால் ஒவ்வொரு மரையாகச் சுரண்டினேன். இப்போது கைப்பிடியை ஒரு விரலால் சுற்றலாம்.

மேசையில் பூட்டும்போது, தாடையின் மேல் விளிம்பு உங்கள் முழங்கை உயரத்துக்கு வரட்டும். அரம் போடும்போது தோள் வலிக்காது. பின் தாடை மேசை விளிம்பைத் தாண்டி இம்மி வெளியே நிற்கட்டும், நீளமான கம்பியைச் செங்குத்தாகப் பிடிக்கலாம். வணக்கம்.