அடைக்கப்பட்ட சன்னல்கள்

நண்பர்களே,

இங்கிலாந்தின் பழைய வீடுகள் சிலவற்றில் இன்றும் ஒன்றைப் பார்க்கலாம். சுவரில் சன்னலின் வடிவம் அப்படியே இருக்கும். உள்ளே செங்கல் வைத்து அடைத்திருப்பார்கள். 1696-இல் அங்கே சன்னலுக்கு வரி விதித்தார்கள். எண்ணிக்கை கூடினால் வரியும் கூடும். மக்கள் சன்னலை அடைத்தார்கள். 1851 வரை அந்த வரி நீடித்தது. அடைத்த சன்னலால் அரசுக்கு ஒரு காசும் இல்லை. வீட்டுக்குள் இருந்த குழந்தைக்குக் காற்றும் இல்லை. வரியால் தொடங்கப்படாமலே போன தொழில்களும் அப்படித்தான். அவை எந்த நிதிநிலை அறிக்கையிலும் ஏறுவதில்லை.

நான் வரிக்கணக்கு எழுதிப் பிழைப்பவன். சட்டம் சிக்கலாக இருந்தால் எனக்கு வருமானம். இருந்தும் அதை எதிர்க்கிறேன். நாலு பேரை வைத்துப் பட்டறை நடத்துபவர் ஒரு பை நிறைய ரசீதுகளோடு என் எதிரே உட்காருகிறார். ஒவ்வொன்றையும் எடுத்து, "இது எந்தத் தலைப்பில் வரும்?" என்று கேட்கிறார். அவர் விரலில் இன்னும் எண்ணெய்க் கறை. பெரிய நிறுவனத்தில் இதற்கென்று ஒரு துறையே இருக்கிறது. இவருக்கு இவர் மட்டும்தான். விலக்கு கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். அதில் குறைந்த பணத்தை ஈடுகட்ட இவருடைய விகிதம் ஏறுகிறது. எஸ்தோனியா 1994-இல் வருமான வரியை 26 சதவீதம் என்ற ஒரே விகிதத்துக்குக் கொண்டுவந்தது. சிறிய நாடு, துணிந்து செய்தது.

வரியைக் குறைக்கச் சொல்லிவிட்டுச் செலவைப் பற்றி வாய் திறக்காதவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடன் வாங்கிச் செய்யும் செலவு, இன்னும் வாக்குரிமை வராத பிள்ளைகள் மீது இன்றே போடும் வரி. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். சுவீடன் அப்படி அளக்கக் கற்றுக்கொண்டது. 1993-இல் அந்நாட்டின் மொத்த உற்பத்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் அரசின் செலவாக இருந்தது. நெருக்கடி கழுத்தை நெரித்த பிறகு முறையை மாற்றினார்கள். முதலில் மொத்தச் செலவுக்கு உச்சவரம்பு. அதற்குள்தான் துறைகளுக்குப் பங்கீடு. ஒரு துறைக்குக் கூடுதலாக வேண்டுமென்றால் எங்கிருந்து குறைப்பது என்றும் சொல்லியாக வேண்டும். பின்னாளில் செலவு ஏறக்குறைய பாதியளவுக்கு இறங்கியது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் மூடப்பட்டுவிடவில்லை.

அடுத்த முறை மேடையேறி ஒருவர் புதிய திட்டம் அறிவிக்கும்போது, கை தட்டுவதற்கு முன் எழுந்து நின்று கேளுங்கள்: "இதற்காக எந்தச் செலவைக் குறைக்கப்போகிறீர்கள்?" பதில் வரும்வரை உட்காராதீர்கள்.