பிச்சாவரத்துச் சேறும் டெல்டா வயலும்

அன்பர்களே, 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 20 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. நெற்பயிர் பெரும்பாலும் அதில் பாதியைக்கூட எடுத்துக்கொள்வதில்லை. மீதி எங்கே போகிறது? பிச்சாவரத்து அலையாத்திக் காட்டைப் பற்றிப் பேச வந்தவன் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

தேங்கிய நீரில் மேலுரம் வீசிய வயலை நண்பகலில் பாருங்கள். நீரிலுள்ள பாசி வெயிலில் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ள, நீரின் காரத்தன்மை ஏறுகிறது. காரம் ஏறினால் அம்மோனியா வாயுவாகிக் காற்றோடு போய்விடும். விவசாயி கொடுத்த காசும் அதோடு போகிறது. யூரியாவின் நைட்ரஜனில், நீரில் கரையும் நைட்ரேட்டாக மாறியதில் ஒரு பங்கு வடிகாலில் இறங்குகிறது. சிதம்பரம் வட்டாரத்து வயல்களின் வடிநீர் கான்சாகிப் வாய்க்கால் வழியாகப் பிச்சாவரத்துக்குள் வந்து சேர்கிறது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள அந்தக் காட்டில், நீர் வற்றியிருக்கும் நேரத்தில் வெண்கண்டலின் மூச்சுவேர்களுக்கு இடையே சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மேலே பழுப்பாக ஒரு மெல்லிய படலம். கீழே கன்னங்கரேலென்ற சேறு. நண்டு வளையின் ஓரத்தை உற்றுப் பார்த்தால் அந்தக் கருப்புக்குள்ளும் பழுப்பு விளிம்பு ஒன்று இறங்குவது தெரியும். பழுப்பு, ஆக்சிஜன் எட்டிய இடம். கருப்பு, எட்டாத இடம். இலையும் வேரும் முழுதாக மட்காமல் அங்கே நூற்றாண்டுக் கணக்கில் கிடக்க முடியும். அலையாத்திக் காட்டின் கார்பனில் பெரும்பங்கு மரத்தில் இல்லை, சேற்றில்தான் இருக்கிறது. கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு வாழும் நுண்ணுயிர்கள் முந்திக்கொள்வதால், நெல்வயலைப் போல மீத்தேன் இங்கே எளிதில் பெருகுவதும் இல்லை.

இந்தச் சேற்றுக்குள் நைட்ரேட் வந்தால்? ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. அவற்றுக்கு உணவு சேற்றிலுள்ள கார்பன். அப்படிச் செலவாகும் நைட்ரேட்டின் பெரும்பங்கு தீங்கற்ற நைட்ரஜன் வாயுவாகக் காற்றுக்கே திரும்புகிறது. கடலுக்குக் காடு செய்யும் பேருதவி அது. வரத்து அளவு மீறினாலோ, நைட்ரஸ் ஆக்சைடு கூடுதலாக வெளியேறுகிறது. 100 ஆண்டுக் கணக்கில் அது அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 273 மடங்கு புவியைச் சூடாக்கும். கார்பனும் நைட்ரஜனும் தனித்தனிப் பாடங்கள் என்று நாம் படித்தோம். சேறு இரண்டையும் ஒரே கணக்கில்தான் வரவு வைக்கிறது.

மிகை உரம் மரத்துக்கும் நல்லதில்லை. அலையாத்தி மரங்களுக்கு நைட்ரஜன் இட்டுப் பார்த்த வெளிநாட்டுப் பரிசோதனைகளில், உப்பு மிகுந்த வறண்ட இடங்களில் உரம் பெற்ற மரங்களே அதிகம் மடிந்தன. தழை பெருத்த அளவுக்கு வேர் பெருக்கவில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் கூறுபோட்டு வெட்டப்பட்ட பகுதிகளில் தரை தாழ்ந்து, தேங்கிய நீர் உப்பேறிப் போயிற்று. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, அலைநீர் போய்வர வழிசெய்து காட்டை மீட்டன. அருமையான பணி. ஆனால் காட்டுக்குள் செய்வது மட்டும் போதாது என்பதுதான் என் வாதம். மேலுரத்தைப் பிரித்து இடுவதும், நீரை வடித்துவிட்டு இடுவதும் காட்டுப் பாதுகாப்பு வேலைகளே. சம்பாவுக்கு மேலுரம் இடும் வாரங்களில் கான்சாகிப் வாய்க்காலின் நைட்ரேட் அளவை வேளாண்மைத் துறையும் வனத்துறையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.