தடுப்பூசிப் படிவத்தில் 'சம்மதம் இல்லை' என்று எழுதலாமா? பெற்றோரின் உரிமை எதுவரை?

[திரையில்: பள்ளிப் பை. உள்ளே இருந்து மடங்கிய தாள் ஒன்றை ஒரு கை எடுக்கிறது.]

பள்ளிக்கூடத்தில் இருந்து பிள்ளை ஒரு தாள் கொண்டு வருகிறது. 'என் பிள்ளைக்குத் தடுப்பூசி போடச் சம்மதிக்கிறேன்' என்று அச்சடித்திருக்கிறது. கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டில் 'சம்மதம் இல்லை' என்று எழுதி அனுப்பினால் என்ன ஆகும்? போலீஸ் வருமா? டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்களா?

போலீஸ் வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் தயவுசெய்து இந்த ஒரு வரியை மட்டும் வெட்டிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். மீதிப் பேச்சில்தான் உங்கள் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வருகிறது.

வணக்கம் மக்களே, மதுரையில் இருந்து பேசுகிறேன்.

சட்டத்தை வேகமாகப் பார்த்துவிடலாம். பெரியம்மைக் காலத்தில், 1880இல், ஆங்கிலேய அரசு ஒரு சட்டம் போட்டது. சில நகராட்சிகளிலும் கன்டோன்மென்ட் எனும் ராணுவக் குடியிருப்புப் பகுதிகளிலும் குழந்தைகளுக்கு அம்மை குத்துவது கட்டாயம் என்றது. 2001இல் அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டார்கள். தேசியத் தடுப்பூசி அட்டவணையில் உள்ள ஊசியைப் பிள்ளைக்குப் போடவில்லை என்பதற்காகப் பெற்றோரைத் தண்டிக்கும் மத்தியச் சட்டம் இன்று இல்லை. 2019 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், பள்ளிகளில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடும் முன் பெற்றோரின் சம்மதம் கேட்க வேண்டும், நன்மையோடு பக்கவிளைவுகளையும் சொல்ல வேண்டும் என்றது. 2022 மே 2 அன்று கொரோனா ஊசி வழக்கில் உச்ச நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, தன் உடல் மீதான உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவுக்குள் வருகிறது என்றது. அதே தீர்ப்பில், ஊர் நலனுக்காக அரசு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்பதும் இருக்கிறது. 2021 டிசம்பரில் ஊசி போடாதவர்களைப் பொது இடங்களில் விடக் கூடாது என்று நம் மதுரை மாவட்ட நிர்வாகம் அறிவித்தது நினைவிருக்கும். அந்த மாதிரிக் கட்டுப்பாடுகள் தீர்ப்பு வந்த நேரத்தின் தொற்று நிலைக்கு அளவு மீறியவை என்று நீதிமன்றம் கருதியது.

சரி, சட்டம் போதும். இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

[திரையில்: ஓலைச்சுவடிக் கட்டு. அதன் மேல் ஒரு பசுவின் கோட்டோவியம்.]

எல்லிஸ் துரையைத் தெரியும் அல்லவா? சென்னை கலெக்டராக இருந்தவர், திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். தெற்கே நம் பக்கம் வந்தபோது 1819இல் ராமநாதபுரத்தில் இறந்துபோனார். அம்மை குத்தும் முறை இந்தியாவுக்கு 1802இல் வந்தது. பசுவின் மடியில் வரும் கொப்புளத்தில் இருந்து கிடைத்த மருந்து அது. அந்நியர் கொண்டு வந்த அந்த மருந்தைப் பிள்ளையின் கையில் கீறி ஏற்றச் சனங்கள் தயங்கினார்கள். எல்லிஸ் என்ன செய்தார் தெரியுமா? ஒரு புராணமே எழுதிவிட்டார்! அதில் சக்தியும் தன்வந்திரியும் பேசிக்கொள்கிறார்கள். பசு தரும் அருட்பொருள்களோடு இந்த அம்மைப்பாலும் ஒன்று என்று அம்மனே சொல்வதுபோல் வரும். நம் மக்களின் நம்பிக்கையைக் கேலி செய்யாமல் அதற்குள்ளேயே போய்ப் பேசியிருக்கிறாரே என்று முதலில் படித்தபோது வியந்தேன்.

ஆனால் யோசிக்க யோசிக்க எனக்கு அது உறுத்துகிறது. நோக்கம் நல்லது, ஊசியும் நல்லது. இருந்தாலும் பிள்ளையைப் பெற்றவளிடம் உண்மையைச் சொல்லி, அவள் கேள்விக்குப் பதில் சொல்லிச் சம்மதம் வாங்கவில்லை. கதை சொல்லி வாங்கப் பார்த்தார். பெற்றோரின் உரிமை என்று நான் நினைப்பது இதைத்தான். ஊசி வேண்டாம் என்று சொல்வதைவிட, 'எனக்கு உண்மையைச் சொல்லு' என்று கேட்கும் உரிமைதான் பெரியது.

அந்த உண்மையில் கசப்பான பகுதியும் சேர்த்தி. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு 4 குழந்தைகள் இறந்தன. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் போய் ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவழைத்துப் போடும்படி மாற்றினார்கள். இதை மறைத்துவிட்டு 'ஊசியில் ஒன்றுமே ஆகாது' என்று பேசினால் எந்தத் தாய் நம்புவாள்? 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்தி ஊரெல்லாம் பரவியது. முகாமின் நாட்களை நீட்டிக்க வேண்டி வந்தது. பதில் வராத கேள்வியின் இடத்தில்தான் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

தட்டம்மை ஊசி போட்டால் ஆட்டிசம் வரும் என்ற வதந்திக்கு இரண்டே வரி. 1998இல் 12 குழந்தைகளை வைத்து ஒரு மருத்துவர் குழு எழுதிய கட்டுரையில் இருந்து கிளம்பியது அது. 2010இல் அந்தக் கட்டுரையைப் பத்திரிகையே திரும்பப் பெற்றது. 2019இல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பே தெரியவில்லை.

இனி பொறுப்பு.

[திரையில்: ஒரு வீட்டு வாசல். நிலையில் வேப்பிலைக் கொத்து.]

மதுரையில் வண்டியூர் தெப்பக்குளம் மாரியம்மனைத் தெரியாதவர் யார்? அம்மை கண்ட வீட்டில் நாம் என்ன செய்வோம்? வாசலில் வேப்பிலை செருகுவோம். வீட்டார் விசேஷங்களுக்குப் போக மாட்டார்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வெளியாள் உள்ளே வர மாட்டார். அதை பக்தி என்று மட்டும் பார்த்துவிட்டுக் கடந்து போகிறோம். எனக்கு அதில் ஊருக்குச் சொல்லும் ஒரு செய்தியும் தெரிகிறது: என் வீட்டு நோய் உன் பிள்ளைக்கு வராமல் பார்த்துக்கொள்வது என் கடமை. எந்த அரசாணையும் இல்லாமல் நம் பாட்டிகள் இதைக் கடைப்பிடித்தார்கள்.

ஆனால் தட்டம்மையிடம், அதாவது மணல்வாரியிடம், இந்த வேப்பிலை தோற்றுப்போகிறது. தோலில் தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பே அது அடுத்தவருக்குப் பரவத் தொடங்கிவிடும். அப்போது பார்த்தால் வெறும் காய்ச்சலும் சளியும்தான். இருமிய குழந்தை எழுந்து போன பிறகும் அந்த அறைக் காற்றில் கிருமி 2 மணி நேரம் வரை இருக்கும். தடுப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒருவரிடம் இருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடியது. ஆரப்பாளையத்தில் ஷேர் ஆட்டோ ஏறி மாட்டுத்தாவணியில் இறங்குவதற்குள், மடியில் உட்கார்ந்திருந்த பிள்ளை எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வேப்பிலை செருகும் நாளில் நோய் ஊரைச் சுற்றி வந்திருக்கும். தடுப்பூசி என்பது, நோய் வருவதற்கு முன்பே வாசலில் செருகி வைக்கும் வேப்பிலை.

அந்த ஆட்டோவில் ஒரு 6 மாதக் குழந்தையும் இருக்கலாம். அட்டவணைப்படி தட்டம்மைக்கு முதல் ஊசி 9 மாதத்தில்தான், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். புற்றுநோய்க்கு மருந்து ஏறும் குழந்தைக்கு இந்த ஊசியைப் போடவே முடியாது. அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றுவது சுற்றி இருக்கும் நம் பிள்ளைகளின் தடுப்புச் சக்திதான். தட்டம்மை பரவாமல் இருக்க 100இல் 95 பேருக்கு அந்தச் சக்தி வேண்டும். மீதி 5 இடமும் ஊசி போட முடியாத அந்தக் குழந்தைகளுக்கு உரியவை. போட முடிகிற நாம் அதில் போய் உட்காரக் கூடாது. இது என் கருத்து, அழுத்தமாகவே சொல்கிறேன்.

சரி, அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பும் அம்மா அப்பாக்களுக்கு. நம் ஊரில் புதன்கிழமை ஊசி நாள். ஊசிக் குப்பியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

[திரையில்: குப்பியின் லேபிள் பெரிதாக. ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம்.]

பார்த்தீர்களா, எவ்வளவு அழகான ஏற்பாடு! மருந்து வெயில் சூட்டில் இருந்திருந்தால் உள்ளே இருக்கும் சதுரம் கறுத்துக்கொண்டே போகும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் போடலாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பி வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தாகூடப் பார்த்துச் சொல்லிவிடலாம்! கலக்கி வைத்த தட்டம்மை மருந்தாக இருந்தால் எத்தனை மணிக்குத் திறந்தீர்கள் என்றும் கேளுங்கள். 4 மணி நேரத்துக்கு மேல் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். கடுமையான ஒவ்வாமை லட்சக்கணக்கான ஊசிகளில் ஒன்றில் வருவது. வந்தால் சமாளிக்க மருந்து அங்கே இருக்கும். லேசான சளி, காய்ச்சலுக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நடுவில் ஒரு ஊசி விட்டுப்போயிருந்தாலும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டாம், விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். 'ஏன் இவ்வளவு நாள் வரவில்லை' என்று திட்டுவார்களோ என்ற பயத்தில் மட்டும் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

செவிலியர் அக்காக்களே, நீங்களும் இதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வரிசை நீளம், வேலை அதிகம், தெரியும். இருந்தாலும் கேள்வி கேட்கிற தாயிடம் முகத்தைச் சுளித்துவிடாதீர்கள். அவள் கேட்பது தன் பிள்ளைக்காக.

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், எங்கே இருந்து பார்த்தாலும், உங்கள் ஊரில் நீங்கள் என்ன கேட்டீர்கள், என்ன பதில் சொன்னார்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். பதில் கிடைக்காத கேள்விகளை அடுத்த வீடியோவில் ஒரு குழந்தைநல மருத்துவர் முன்னால் வைக்கிறேன்.