முதலில் கதவுக்குக் கீழே பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வீட்டிலேயே வைத்துப் பராமரித்து ஓட்டுவது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நிலையத்தாருக்கு என் நன்றி.

பொதுவாகப் பேச ஆரம்பித்தால் பேச்சு எங்கெங்கோ போய்விடும். அதனால் என் வீட்டு கராஜில் நிற்கும் வண்டியையே எடுத்துக்கொள்கிறேன். எம்ஜி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் எம்ஜிபி, 1969ஆம் வருஷத்து மாடல், மேற்கூரையை மடக்கித் திறந்துகொள்ளும் ரோட்ஸ்டர். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில், தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் ஆபிங்டன் என்ற சிறிய ஊரில் இந்தக் காரை 1962 முதல் 1980 வரை தயாரித்தார்கள். மொத்தம் 5 லட்சத்துக்கு மேல் வெளிவந்தது. பாதிக்கு மேல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. இத்தனை வண்டிகள் ஓடியதால்தான் இன்றும் ஒரு நட்டு, ஒரு வாஷர், ஒரு கதவுக் கைப்பிடி வரைக்கும் புதிதாகவே கிடைக்கிறது. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறு கிடையாது.

வாங்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எஞ்சினைப் பற்றித்தான். நடுவழியில் நின்றுவிடுமா, நம்மால் சரிசெய்ய முடியுமா என்று பயம். எனக்கு அந்தப் பயம் இல்லை. எம்ஜிபி எஞ்சின் முரட்டு எஞ்சின், எளிமையான எஞ்சின். அதைப் பார்த்தவுடன் நம் ஊர்க்காரர்களுக்கு அடையாளமும் தெரியும். மதுரையில் பல வருஷம் அம்பாசடர் டாக்சி ஓட்டிய என் மாமா இங்கிலாந்துக்கு வந்திருந்தபோது, பானெட்டைத் திறந்து காட்டினேன். ஒரு நிமிஷம் குனிந்து பார்த்துவிட்டு, "மாப்ள, இது நம்ம அம்பாசடர் எஞ்சின்ல!" என்றார். அவர் சொன்னது சரிதான். அம்பாசடரில் பல காலம் இருந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும், எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் பி சீரிஸ் என்ற ஒரே பிரிட்டிஷ் எஞ்சின் குடும்பம். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் இரண்டிலும் ஒன்றுதான், 88.9 மில்லிமீட்டர். எம்ஜிபியில் சிலிண்டரின் விட்டம் மட்டும் பெரிது. நம் ஊர் மண்ரோட்டில் எத்தனையோ கல்யாணக் கூட்டத்தையும் மூட்டை முடிச்சையும் சுமந்த எஞ்சினின் அண்ணன் இது. அன்றைக்கு மாமாவே கையைக் கழுவாமல் ஒரு மணி நேரம் அதோடு இருந்தார்.

அப்படியானால் பயப்பட வேண்டியது எதற்கு? துருவுக்கு.

எம்ஜிபிக்கு முன்னால் அதன் இடத்தில் இருந்த எம்ஜிஏ காருக்கு அடியில் தனியாக ஒரு சேஸிஸ், அதாவது இரும்புச் சட்டம், இருக்கும். உடம்பு துருப்பிடித்தாலும் சேஸிஸ் வண்டியைத் தாங்கும். எம்ஜிபிக்கு அது கிடையாது. தகடுகளை வெல்டிங் செய்து சேர்த்த உடம்புதான் வண்டியின் முதுகெலும்பு. அதிலும் ரோட்ஸ்டரில் கூரை இல்லாததால், முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து நிறுத்துவது இரண்டு கதவுகளுக்கும் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதி. இதை சில் என்கிறார்கள். வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே இன்னொரு தகடு என்று மூன்று அடுக்கு. முன்சக்கரம் வாரி அடிக்கும் சேறு, ஃபெண்டருக்குள்ளே பின்பக்கமாகப் போய்த் தங்கி, ஈரம் அப்படியே இந்தப் பெட்டிக்குள் இறங்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே நடுத்தகடு பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருக்கும்.

இதில் ஒரு ஏமாற்று வேலை உண்டு. துருப்பிடித்த சில்லை வெட்டி எடுக்காமல், அதன்மேலேயே புதுத் தகடு ஒன்றை மூடி வெல்டிங் அடித்து பெயின்ட் பூசி விற்றுவிடுவார்கள். பார்வைக்குப் புதுசு. பலம் ஒன்றும் இல்லை. கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். கதவை மூடிவைத்து, கதவுக்கும் பின் ஃபெண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை சீராக இருக்க வேண்டும். இப்போது வண்டியை அந்தப் பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். அந்த இடைவெளி மாறினாலோ, கதவைத் திறக்க மூட முடியாமல் இறுகினாலோ, வண்டி நடுவில் வளைகிறது என்று அர்த்தம். எஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் அந்த வண்டியை விட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஒரு சின்னக் காந்தமும் கையில் இருக்கட்டும். ஃபெண்டரின் கீழ்ப்பகுதியில் காந்தம் ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, ஓட்டையையும் பள்ளத்தையும் அடைக்கப் பூசும் புட்டிதான் இருக்கிறது.

சில் மாற்றும் வேலை வீட்டில் செய்கிற வேலை இல்லை என்பது என் அபிப்பிராயம். உடம்பை நேராகப் பிடித்து நிறுத்தாமல் வெட்டினால் வண்டி கோணிவிடும். அனுபவமுள்ள டிங்கரிங் ஆளிடம் காசு கொடுத்து நன்றாகச் செய்துகொள்ளுங்கள். மற்ற செலவையெல்லாம் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உடம்பு முழுவதுமே போய்விட்ட வண்டிக்கும் வழி இருக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் ஆபிங்டன் காலத்துப் பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து, 1988 முதல் எம்ஜிபியின் முழு உடம்பையே புதிதாகச் செய்து தருகிறது. விலை அதிகம்தான். ஆனால் தொழிற்சாலை மூடி எட்டு வருஷம் கழித்து ஒரு காரின் உடம்பு மறுபடியும் பிறந்து வந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது.

உடம்பு நல்லபடியாக இருந்தால், மிச்ச வேலை பெரும்பாலும் நம் கையில். முதல் தேவை சரியான ஸ்பேனர். இது அங்குலக் கணக்கு வண்டி. அரை அங்குல நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்தும். அந்தக் கிட்டத்தட்டதான் ஆபத்து, நட்டின் முனையை மழுக்கிவிடும். அங்குல ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிவிடுங்கள். ஜாக்கியில் மட்டும் வண்டியை நிறுத்தி அடியில் போகவே கூடாது. இரும்பு ஸ்டாண்டுகள் வைத்து, வண்டியைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை டேப்பெட் அட்ஜஸ்ட் செய்வது, அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கர் என்ற கைக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்வது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். மேல்மூடியைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டைக் கழற்றினால் எட்டு ராக்கரும் வரிசையாகக் கண்முன் நிற்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, நான்காவது கியரில் போட்டு வண்டியை மெதுவாகத் தள்ளினால் எஞ்சின் சுற்றும். எந்த வால்வை எப்போது பார்ப்பது என்பதற்கு ஒரு அருமையான கணக்கு உண்டு: கூட்டினால் ஒன்பது வர வேண்டும். எட்டாவது வால்வு முழுவதும் அமுங்கி நிற்கும்போது முதல் வால்வைப் பாருங்கள். ஆறாவது அமுங்கினால் மூன்றாவது. ஐந்தாவது அமுங்கினால் நான்காவது. என் வண்டியில் இடைவெளி ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் 15 பங்கு, அதாவது சுமார் 0.38 மில்லிமீட்டர். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் 15 என்று போட்ட தகட்டை ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே நுழைத்து இழுத்தால், லேசாகப் பிடித்துப் பிடித்து வர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ சற்றுத் திரும்பிவிடும், அதனால் இறுக்கியபின் இன்னொரு தடவை தகட்டை விட்டுப் பாருங்கள். சத்தமே வரக்கூடாது என்று சிலர் இடைவெளியைக் குறைத்து வைப்பார்கள். அது தப்பு. டிக்டிக் என்று லேசான சத்தம் இருக்கலாம். இடைவெளி போதாவிட்டால் வால்வு சரியாக மூடாது, எரிந்துபோகும்.

இதற்கும் பெட்ரோலுக்கும் தொடர்பு உண்டு. இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தது. பிரிட்டனில் அது 2000 தொடக்கத்தோடு கடைகளிலிருந்து போய்விட்டது. ஈயம் இல்லாமல் பழைய வால்வு சீட், அதாவது வால்வு மூடி உட்காரும் இடம், கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து உள்ளே போகும். அப்போது டேப்பெட் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு தடவையும் ஒரே வால்வு இறுகியிருந்தால், கடினப்படுத்திய சீட் போட்ட சிலிண்டர் ஹெட் மாற்றும் நேரம் வந்துவிட்டது. 2021 செப்டம்பரில் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்க ஆரம்பித்தார்கள். அந்த எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைத் தின்றுவிடும். பெட்ரோல் குழாய்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள், இதில் சிக்கனம் வேண்டாம், சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டினால் தீ. நான் எத்தனால் குறைந்த சூப்பர் ரகம்தான் போடுகிறேன்.

அடுத்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர். எஸ்யூ என்ற வகை, இதில் இரண்டு உண்டு. பார்த்தால் மிரட்டும், பழகினால் நல்ல பிள்ளை. ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு கணம் தயங்கிவிட்டுப் பாய்கிறதா? பலர் உடனே கலவையைத் திருகப் போய்விடுவார்கள். முதலில் கார்புரேட்டர் தலையில் உள்ள மூடியைக் கழற்றி உள்ளே ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் பிஸ்டன் சட்டென்று எழும்பாமல் நிதானமாக எழும்ப அந்த ஆயில்தான் காரணம். அது வற்றினால் தயக்கம் வரும். கலவையைச் சோதிக்க, எஞ்சின் சூடாக ஓடும்போது இந்தக் கார்புரேட்டர் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்த வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் தளர்ந்து நிற்கப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. ஒரு நொடி லேசாகக் கூடி மறுபடி அடங்கினால் சரியாக இருக்கிறது. இந்தக் காலத்து வண்டியில் கம்ப்யூட்டர் செய்யும் வேலையை இங்கே காதும் விரலும் செய்கின்றன.

மின்சாரக் கோளாறு என்றால் பெரும்பாலும் எர்த் சரியில்லை. ஒயர் உடம்போடு சேரும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள், பாதிப் பிரச்சினை தீரும். முன்சக்கரங்களைத் தாங்கும் கிங்பின்னுக்கு 3000 மைலுக்கு ஒரு தடவை கிரீஸ் அடிக்க வேண்டும், கிரீஸ் ஏற்றும் நிப்பிள் பக்கத்துக்கு மூன்று. சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைத்து அடித்தால் கிரீஸ் உள்ளே நன்றாகப் போகும். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

குளிர்காலத்தில் இங்கே சாலையெங்கும் உப்புத் தூவுவார்கள். உப்பும் ஈரமும் சேர்ந்தால் சில்லுக்கு எமன். அதனால் சாலை காய்ந்து, மழை உப்பைக் கழுவிவிட்ட நாட்களில்தான் நான் வண்டியை எடுப்பேன். ஆனால் மாதக்கணக்கில் பூட்டிவைப்பதும் ஆகாது. கராஜிலேயே ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு அணைப்பது அதைவிட மோசம், எஞ்சினும் சைலன்சரும் சூடேறாமல் உள்ளே தண்ணீர் கோத்துக்கொள்ளும். எடுத்தால் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள். நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், அப்போதுதான் பிரேக் ஒட்டிக்கொள்ளாது.

சட்டம் நமக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. 40 வருஷம் தாண்டிய காரைப் பெரிதாக மாற்றாமல் வைத்திருந்தால் சாலை வரி கிடையாது, 2018 மே முதல் வண்டி ஓட்டத் தகுதியானதா என்று பார்க்கும் வருடாந்திர எம்ஓடி சோதனையும் கட்டாயம் இல்லை. லண்டனின் புகைக் கட்டணமும் இல்லை. ஆனாலும் நான் வருஷா வருஷம் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோகிறேன். நம் கண்ணுக்குத் தப்பியது இன்னொருவர் கண்ணில் படும். சோதனை வேண்டாம் என்று சட்டம் சொன்னாலும், ஓட்டத் தகுதியில்லாத வண்டியை ரோட்டில் விட்டால் பொறுப்பு நம்முடையதுதான்.

கடைசியாக, வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. முதல் கார் என்றால் ரோட்ஸ்டரை விட, 1965ல் வந்த ஜிடி மாடலைத்தான் நான் சொல்வேன். இரும்புக் கூரை இருப்பதால் உடம்பு உறுதி, மழை ஒழுகாது, பின்னால் சாமான் வைக்க இடம் உண்டு, விலையும் பெரும்பாலும் ரோட்ஸ்டரைவிடக் குறைவு. எஞ்சின் சுற்றும் வேகத்தைக் குறைக்கும் ஓவர்டிரைவ் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இருந்தால் நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்தாமல் போகும். அப்புறம் காந்தத்தையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு, மழையில்லாத பகல் நேரத்தில் போய்ப் பாருங்கள். நனைந்த பெயின்ட்டில் புட்டி தெரியாது.

நன்றி, வணக்கம்.